கத்திக்குப் பேர் உண்டு, உறைக்கு?

1991 செப்டம்பரில், ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள் புதைந்திருந்த ஒரு மனித உடலை மலையேறிகள் இருவர் கண்டார்கள். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோன அந்த மனிதருக்கு 'ஓட்ஸி' என்று பெயர் வைத்தார்கள். அவருடைய செப்புக் கோடரி உலகப் புகழ் பெற்றது. கூடவே கிடைத்த சிக்கிமுக்கிக் கல் கத்தியைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாதது அந்தக் கத்தியின் உறைதான். லிண்டன் மரப்பட்டை நாரில் பின்னிய சின்ன உறை. இடுப்புக் கச்சையில் கட்டிக்கொள்வதற்குத் தோலில் ஒரு காது.

அதைப் பின்னிய கைகளுக்கு இரண்டு கவலைகள் இருந்திருக்கும். நடக்கும்போது தொடையைக் கிழிக்கக் கூடாது, மலை ஏறும்போது நழுவி விழக் கூடாது. இன்றைக்கும் தோலை அறுத்து உறை தைக்கிறவருக்கு இதே இரண்டு கவலைகள்தான். கத்திக்கு ஊர்ப் பெயர் உண்டு, கொல்லர் பெயர் உண்டு, வம்சப் பெருமைகூட உண்டு. உறையோ அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் இலவச இணைப்பு.

இந்தப் பாரபட்சம் பழையது. இடைக்கால லண்டனில் ஒரு கத்தி நாலு கை மாறி உருவானது. அலகை ஒருவர் அடிப்பார், பிடியை இன்னொருவர் போடுவார், உறையை மூன்றாமவர் தைப்பார், எல்லாவற்றையும் சேர்த்துக் கடையில் விற்பவர் நாலாமவர். 1416-இல் ஐந்தாம் ஹென்றி அரசரிடம் சாசனம் பெற்றது அந்த நாலாமவரின் சங்கம், அதாவது கட்லர்கள் சங்கம். அது இன்றும் லண்டனில் இருக்கிறது. பிடி போட்டவர்களும் உறை தைத்தவர்களும் காலப்போக்கில் அதற்குள் கரைந்துபோனார்கள்.

நேபாளத்தின் கதை இதைவிடக் கசப்பானது. கூர்க்காப் படையின் குக்ரிக் கத்தி தெரியாதவர்கள் இருக்க முடியாது. அதை அடிப்பவர்கள் காமி எனப்படும் கொல்லர்கள். அதன் உறைக்குத் 'தாப்' என்று பெயர். மெல்லிய மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து, மேலே எருமைத் தோல் போர்த்தித் தைப்பவர்கள் சார்க்கிகள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்ற நம்மூர்ப் பழமொழி குக்ரியிடம் செல்லாது. அந்த உறையில் மூன்று இருக்கும். பெரிய கத்தியின் பின்புறம் 'கர்தா' என்ற சிறு கத்திக்கும், தீட்டவும் தீப்பொறி எழுப்பவும் உதவும் 'சக்மக்' என்ற மழுங்கல் இரும்புக்கும் தனித்தனி அறைகள். முன்புறம் வளைந்து இறங்கும் அலகுக்கு ஏற்றபடி மரத்தைக் குடைந்து, உருவும்போது தோலை அறுக்காதபடி விளிம்பை அமைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. உறைக்குப் போகும் நேரத்தைப் பார்த்தவர்கள் அதை உதிரி வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் 1854-இல் எழுதப்பட்ட நேபாளச் சட்டத் தொகுப்பு கொல்லரையும் தோல் தைப்பவரையும் ஒருசேரத் தீண்டத்தகாதவர் வரிசையில் வைத்தது. 1963-இல் புதிய தொகுப்பு வந்து அந்தப் பாகுபாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 2011-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்பதிலிருந்து நடப்பு என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். படைவீரரின் இடுப்பில் ஏறியதும் குக்ரி வீரச் சின்னமானது. அதை அடித்தவரும் உறையைத் தைத்தவரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

சரி, உறையில் அப்படி என்னதான் இருக்கிறது?

நல்ல கத்தி உறைக்கு மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள தோல் வேண்டும். அலகை அதன்மேல் வைத்து வரைந்து வெட்டுவதோடு முடிந்தால் யாரும் செய்துவிடலாம். வெட்டிய தோலை மடித்து அப்படியே விளிம்பில் தைத்தால், பத்துத் தடவை கத்தியைச் சொருகி எடுப்பதற்குள் கூர்முனை நூலை அறுத்துவிடும். அதனால் இரண்டு தோலுக்கும் நடுவில், விளிம்பை ஒட்டி, இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பார்கள். கூர் வந்து மோதுவது இந்தப் பட்டையில், நூல் பிழைக்கும். உறை வாங்குகிற பலரும் திருப்பிக்கூடப் பார்க்காத இந்தப் பட்டையில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

தையலும் அப்படியே. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் ஊசியைச் செலுத்தி இழுக்க வேண்டும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை இது. தையல் இயந்திரத்தில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் ஒவ்வொரு துளையையும் பிடித்துக்கொண்டிருக்கும். தேன்மெழுகு பூசிய நூல் என்றால் துளைக்குள் நகரவே நகராது.

பிறகு ஈர வேலை. தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, கத்தியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி உள்ளே சொருகி, கைவிரலாலும் வழுவழுப்பான எலும்புத் துண்டாலும் அழுத்தி அழுத்திக் கத்தியின் உருவத்தைத் தோலில் எழுப்ப வேண்டும். நிழலில் காய்ந்ததும் அந்த உருவம் அப்படியே நிற்கும். பின்லாந்தின் 'புக்கோ' கத்திகளுக்கு உறை செய்பவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அங்கே உறை பிடியின் பாதிவரை ஏறி வரும். கத்தியைப் பிடித்துவைக்க வாரோ பொத்தானோ கிடையாது. அழுத்திச் சொருகினால் தோலே கவ்விக்கொள்ளும்.

இந்த வித்தை எல்லாத் தோலிலும் நடக்காது. மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் வளைந்து, காய்ந்தபின் விறைத்து நிற்கும். குரோம் உப்பில் பதனிட்டது செருப்புக்கும் கைப்பைக்கும் அருமை. உருவம் பிடிக்கச் சொன்னால் துவண்டுவிடும். அதில் மிச்சமிருக்கும் உப்புகள் இரும்பு அலகைத் துருப்பிடிக்க வைக்கவும் கூடும். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டு இங்கிருந்து கப்பலேறிய தோலுக்கு உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அது போனது. பிறகு ஆவாரை விட்டு வாட்டில் மரப்பட்டைக்கு மாறினார்கள். 1973-இல் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதும் தொழில் பெருமளவு குரோம் பக்கம் சாய்ந்தது. குரோம் தோல் நிறுவனத்தின் பெயரையே ஓர் ஊருக்குச் சூட்டிக் குரோம்பேட்டை ஆக்கிய மாநிலம் அல்லவா இது! கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உறையும் பையுமாக ஆகாமல், தோல் தோலாகவே விலைபோகும் வரை அந்தக் குறியீட்டால் கைவினைஞருக்குப் பெரிய லாபம் இல்லை.

உறை தைத்தவரின் பெயர் நிலைத்த நாடும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில் துப்பாக்கி உறை தைத்தவர்கள் பெரும்பாலும் குதிரைச் சேணம் செய்கிறவர்கள். வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகரில் பிராங்க் மியானியா போன்றவர்கள் தம் பெயரையும் ஊரையும் தோலிலேயே முத்திரையாகக் குத்தினார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் முத்திரை இல்லாத உறையைவிட முத்திரை உள்ள உறைக்குக் கூடுதல் விலை தருகிறார்கள். 1920-இல் எல் பாசோ நகருக்குக் குடிபெயர்ந்த சாம் மையர்ஸ், டாம் திரீபெர்சன்ஸ் என்ற காவல் அதிகாரிக்காகத் தைத்த உறை, அந்த அதிகாரியின் பெயராலேயே நூறாண்டாக அறியப்படுகிறது. வாடிக்கையாளர் பெயர் வடிவத்துக்கு, தைத்தவர் பெயர் தோலுக்கு என்று பங்கு பிரிந்தது. சட்டென்று உருவ வசதியாக விசைக்காப்பு வளையம் வெளியே தெரியும்படி தைத்த உறை அது. இன்றைய துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் அதை ஏற்க மாட்டார்கள். விசையை முழுக்க மூடாத உறை உறையே இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது சரி.

கையால் செய்தது என்பதற்காக எல்லாவற்றுக்கும் தோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதும் இல்லை. பழசாகித் தொய்ந்த தோல் உறையின் மடிப்பு, துப்பாக்கியைச் சொருகும்போது விசைக்குள் நுழைந்து அழுத்திவிடக்கூடும். காவல் பணிக்குச் சூட்டில் வார்த்த 'கைடெக்ஸ்' பிளாஸ்டிக் உறையே பத்திரம். கத்திக்கு நிலைமை வேறு. தோட்டத்திலும் காட்டிலும் பட்டறையிலும் இடுப்பில் தொங்கும் கத்திக்குச் சத்தம் போடாத, அலகைக் கீறாத, பழுதானால் பிரித்துத் தைக்கக்கூடிய தோல் உறைக்கு ஈடு இன்னும் வரவில்லை.

இனி நம் அரசுகளின் கைவினைத் தொழில் பட்டியலைப் பார்க்கலாம். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். ஆயுதம் செய்பவருக்குத் தனி இடம், கொல்லருக்குத் தனி இடம். தோல் வேலைக்காரர் என்றால் செருப்புத் தைப்பவர், காலணி செய்பவர் என்ற ஒரே வரிசைதான். வாளுக்கு ஒரு வரி கிடைத்தது, வாளுறைக்குக் கிடைக்கவில்லை. குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று சொல்லி அந்தத் திட்டத்தை மறுத்த தமிழ்நாடு அரசு, 25 தொழில்களுக்குக் 'கலைஞர் கைவினைத் திட்டம்' கொண்டுவந்தது. எந்தச் சாதியில் பிறந்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சிறப்பு. தோல் வேலையைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கடன் கொடுப்பதோடு நிறுத்தாமல், பயிற்சி முடிப்பவர் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர் முத்திரை ஒன்றைச் செய்து கொடுக்கலாம். ஒரு சின்ன உலோக அச்சுக்கு ஆகும் செலவு அரசுக்குப் பொருட்டே இல்லை.

வாங்குகிறவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். தோல் உறை வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். நடுவில் மூன்றாவது பட்டை தெரிகிறதா? தாவரப் பதனிட்ட தோலா, குரோமா என்று கேளுங்கள். கத்தியின் விலை, உறையின் விலை இரண்டையும் ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தைத்தவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு சொல்லச் சொல்லுங்கள்.