சாவி கேட்கும் பேச்சாளர்களுக்கு

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச எங்கள் குடியிருப்புக்கு ஒருவர் வந்துவிடுவார். ஆள் மாறுவார், வசனம் மட்டும் மாறாது: "அறுபது தாண்டியாச்சா? சாவியைப் பிள்ளை கையில கொடுத்துடுங்க." இந்த வருஷமும் கேட்டாயிற்று. கைதட்டல் வேறு. எனக்கு வயது 67, நான் தட்டவில்லை.

கண் மங்கும் என்றார். மங்கும்தான், கண்புரைக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது. முட்டி வலியில் கிளட்ச் மிதிக்க முடியாதாம். கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி கியர் 2014-இல் செலேரியோ காரோடு சின்னக் கார்களுக்கும் வந்துவிட்டது; அவருக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. 55 வயதைத் தாண்டியவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு லைசென்ஸைப் புதுப்பிக்கச் சட்டமே வழிவிடுகிறது. சட்டத்தைவிட இவருக்கு நம்மீது அக்கறை அதிகம் போலும். நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். அவர்களிடம் சாவி கேட்டு ஒரு கூட்டமும் போட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார்: "வண்டி அவங்க கைக்கு அடங்காது." இதைத்தான் என்னால் விட முடியவில்லை.

மூன்றாவது மாடி நண்பருக்கு 72 வயது, ஐந்தடி மூன்றங்குலம். மகன் ஆறடி. ஞாயிறு முழுக்க மகன் ஓட்டுவான். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, அடிமட்டத்துக்கு இறக்கியிருப்பான். திங்கட்கிழமை அப்பா அதே சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு, நுனியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் கிளட்சைத் தேடுவார். ஸ்டியரிங் வளையத்துக்குள் எட்டிப் பார்த்துத்தான் சாலை தெரியும். பார்க்கிங் தூணில் இரண்டு முறை உரசினார். "அப்பாவால முடியல" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் இஞ்ச் டேப்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தலையணையை எடுத்தோம். தடித்த தலையணையில் உடம்பு வழுக்கினால் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடும். கதவுப் பக்க லீவரை ஆறேழு தடவை இழுத்ததும் சீட் உயர்ந்தது. ஸ்டியரிங்கின் மேல்விளிம்புக்கு மேலே மூன்று அங்குலமாவது சாலை தெரிய வேண்டும், தெரிந்தது. நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் இடையே பத்து அங்குலம் வேண்டும், ஏர்பேக் கண் இமைக்கும் முன் வெடித்து விரியும் சாமான். ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் லீவர் ஒன்று இருப்பதே நாலு வருஷமாக அவருக்குத் தெரியாது. பிடரியில் இடித்த ஹெட்ரெஸ்ட் தலையின் நடுவுக்கு வந்தது. வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, சொந்த வண்டியின் ஓரம் மட்டும் தெரியும்வரை சைடு மிரரை வெளிப்பக்கம் திருப்பினோம். காரின் நடுப்பக்கம் சாய்ந்து இடது மிரரையும் அப்படியே. கழுத்தை முறித்துத் திரும்பும் வேலை பாதி குறைந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தவர் கேட்டார்: "ஏங்க, இந்த வண்டிக்கு இவ்வளவு பெரிய பானெட்டா?"

அமெரிக்காவில் இதற்கென்றே கார்ஃபிட் என்று ஒரு திட்டம் நடக்கிறது. முதியவரை அவருடைய காரிலேயே உட்காரவைத்து, 12 விஷயங்களைச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். இங்கே மைக் மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த ஜனவரியில் வருகிறவர் ஒரு இஞ்ச் டேப்போடு வரட்டும். நண்பரின் கார் அதே தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது; மூன்றாவது உரசல் இன்னும் விழவில்லை.