கருமாதிக்குப் பணம் உண்டு; கட்டிலில் கிடப்பவருக்கு?

நமது நாட்டில் ஒருவன் செத்துப் போனால், செத்தவனுக்குச் செய்ய வேண்டிய காரியங்களுக்கு ஒரு குறைவும் வருவதில்லை. பாடை கட்ட ஆள் வருகின்றது. சங்கு ஊத ஆள் வருகின்றது. சம்பந்தி வீட்டிலிருந்து கோடி வருகின்றது. எட்டாம் நாள், பதினாறாம் நாள், மாசிகம், வருஷத் திவசம் என்று பெயருக்கு ஒரு செலவாக வந்துகொண்டே இருக்கின்றது. செத்தவன் வைதரணி என்னும் ஆற்றைக் கடப்பதற்குப் பசு தானம். போகிற வழியில் வெயில் அடிக்குமென்று குடை தானம். முள் குத்துமென்று செருப்பு தானம். போய்ச் சேர்ந்த இடத்தில் படுப்பதற்குச் சய்யா தானம், அதாவது மெத்தையும் தலையணையும் புரோகிதருக்குத் தானம். கையில் பணம் இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஊரார் சிரிப்பார்கள்.

சரி, இவ்வளவு மரியாதையையும் பெற்ற அந்த மனிதன் சாவதற்கு முன் ஆறு மாதம் எதன்மேல் படுத்துக் கிடந்தான் என்று யாராவது கேட்டதுண்டா? கிழிந்த பாயின்மேல் கிடந்தான். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்து சீழ் வடியக் கிடந்தான். அந்தப் புண் வராமல் தடுக்க உதவும் தண்ணீர் மெத்தையும் காற்று மெத்தையும் கடையில் விற்கின்றன. அதை வாங்கிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்த பிறகு மட்டும் புது மெத்தை. அதுவும் அடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றது! இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு ஏதாவது உண்டா என்று கேட்கின்றோம்.

நாம் இங்கே பேச வந்தது தீராத வியாதிக்காரர்களையும், அவர்களை வைத்துக் காப்பாற்றும் குடும்பங்களையும் பற்றியேயாகும். புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் படுத்தவர், இருதயமோ சிறுநீரகமோ கெட்டுப் போனவர் ஆகியவர்களை ஆஸ்பத்திரியில் ஒரு நாள், “இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்” என்று அனுப்பி விடுகிறார்கள். வாஸ்தவத்தில் அன்றைக்குத்தான் செய்ய வேண்டிய வேலையே ஆரம்பமாகின்றது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மலமூத்திரம் எடுக்க வேண்டும். வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். வேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும். ராத்திரி முழுவதும் விழித்திருக்க வேண்டும். விடிந்தால் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். இவ்வளவையும் செய்பவர் கூலி வேலைக்குப் போக முடியாது. கூலி இல்லாவிட்டால் அரிசி ஏது, மருந்து ஏது?

இந்த வேலைகளை யார் செய்கிறார்கள்? மனைவி, மகள், மருமகள். அநேகமாக எல்லா வீடுகளிலும் பெண்களேயாவர். ஏன் பெண்கள் மாத்திரம் என்று கேட்டால் உடனே நளாயினி கதையைச் சொல்லுகிறார்கள். குஷ்டரோகியான புருஷன் தாசி வீட்டுக்குப் போக வேண்டுமென்று ஆசைப்பட்டானாம். அவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து கொண்டுபோய் விட்டாளாம். அதனால் அவள் சொன்னபடி சூரியனே உதிக்காமல் நின்றதாம். அந்தக் கூடையை ஒரு கல் தூரமாவது வேறொருவர் வாங்கிச் சுமந்ததாகப் புராணத்தில் உண்டா? நோயாளியான மனைவியைக் கூடையில் சுமந்த புருஷன் ஒருவனையாவது எந்தப் புராணமாவது காட்டுகின்றதா? ஒருத்தி தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அவளுக்குப் பதிவிரதை என்ற பட்டத்தைக் கொடுத்தால், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். பட்டம் கொடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லையல்லவா? அந்தப் பெண்ணின் இடுப்பு ஒடிந்து அவளும் படுத்துக் கொண்டால், சூரியன் நிற்கப் போவதில்லை; அடுப்புத்தான் நிற்கும்.

அடுத்தபடியாகக் கர்மம். “அது அவர் செய்த வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்று படித்தவர்களும் சொல்லுகிறார்கள். இது ஆறுதல் வார்த்தை போலத் தோன்றும். ஆனால் இந்த ஒரு வார்த்தையால் நோயாளி குற்றவாளியாகி விடுகிறான். வலி தண்டனையாகி விடுகின்றது. உதவி செய்யாதவன் தர்மத்தைக் காப்பாற்றியவனாகி விடுகிறான். பீடி கம்பெனிக்காரனையும், புகையிலை விற்பவனையும், விஷவாயு கக்கும் தொழிற்சாலையையும் கேட்க வேண்டிய கேள்வியை, படுத்துக் கிடப்பவனுடைய முன் ஜென்மத்தைப் பார்த்துக் கேட்பது யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

வலியின் சங்கதியைச் சற்றுக் கவனியுங்கள். புற்றுநோய் வலிக்கு மார்பின் என்னும் மருந்து உண்டு. அபினியிலிருந்து எடுக்கப்படும் இம்மருந்து, உலக சுகாதார நிறுவனம் 1977-ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருந்தது. விலை அதிகமில்லை. மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்குகின்றது. அபினிச் செடியோ நம் தேசத்திலேயே மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசாங்க அனுமதியின்மேல் பயிராகின்றது. அப்படியிருந்தும் 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின்படி, ஒரு ஆஸ்பத்திரி இதை வாங்கி வைப்பதற்குப் பல இலாகாக்களில் பல லைசென்ஸ்கள் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே பல ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டு விட்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியும் மனிதர்கள் திருந்தவில்லை. “பழக்கமாகிவிடும்” என்று, மூன்று மாதத்தில் சாகப் போகிறவனைப் பார்த்துச் சொல்லுகிறார்கள்! இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் உலகம் முழுவதிலும் 100-க்குச் சுமார் 14 பேருக்குத்தான் அது கிடைக்கின்றது என்று அந்நிறுவனமே கணக்குச் சொல்லுகின்றது. மற்றவர்கள் கத்திக் கத்திச் சாகிறார்கள்; அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக் கொள்ளுகிறார்.

இப்படிக் கைவிடப்பட்ட குடும்பம் கடைசியில் எங்கே போய் நிற்கின்றது? தலைக்கூத்தல் என்ற வழக்கம் விருதுநகர் முதலிய தென் மாவட்டங்களில் சில கிராமங்களில் இருந்து வந்ததை எல்லோரும் அறிவார்கள். படுத்துவிட்ட கிழவருக்கோ கிழவிக்கோ விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடித்து விடுவது. இதைப் படித்துவிட்டுப் பட்டணத்துக்காரர்கள் “காட்டுமிராண்டிகள்” என்று காறித் துப்பினார்கள். கொலை கொலைதான், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அதற்கு முன் ஒரு வருஷமாய் ஒரு நர்சாவது, ஒரு வேளை மருந்தாவது, ஒரு ராத்திரி கண் விழிக்க ஓர் ஆளாவது போயிருந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க அவர்களுக்கு மனம் வந்திருக்குமா? எண்ணெய் தேய்த்த கை ஒன்று. அந்தக் கையைத் தனியே விட்ட கைகள் ஊர் முழுவதும் இருக்கின்றன.

“பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகள் கடமை, வெளியாருக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். பிணம் தூக்க மட்டும் வெளியார் வருகிறார்களே, அது யாருடைய கடமை? பக்கத்து மலையாள நாட்டைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலி தணிக்கும் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புரம் முதலிய இடங்களில் டீக்கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சில்லறைக் காசு சேர்த்து, பயிற்சி பெற்று, முறை வைத்து வீடு வீடாகப் போனார்கள். 2008-ல் கேரள அரசாங்கமே இதை ஒரு கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துகளையும் இந்த வேலையில் சேர்த்தது. சுவீடன் தேசத்தில் சாகும் நிலையிலுள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு நிற்பவருக்கு 1989 முதல் அரசாங்கம் பணம் கொடுத்து வருகின்றது. கனடாவில் 2004-ல் இதற்கு ஏற்பாடு செய்து, இப்போது 26 வாரம் வரை கொடுக்கிறார்கள். அங்கெல்லாம் கடமை இல்லாமல் போகவில்லை. கடமையைச் செய்கிறவன் பட்டினி கிடப்பதுதான் குறைந்திருக்கின்றது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே கொடுக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் கேட்காத வீட்டுக்கு எதுவும் வராது என்பதை மறக்கக் கூடாது.

“நோயாளிக்குக் கடவுளாவது ஆறுதல், நாஸ்திகர்களாகிய நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?” என்று நம்மைக் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு மேடையில் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. கர்மம் பொய் என்று மணிக்கணக்காய்ப் பேசிவிட்டு, வீட்டில் படுத்திருக்கும் தாயாரைத் தன் மனைவி தலையில் கட்டிவிட்டு, அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நளாயினி புராணக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? கடவுள் வரமாட்டார் என்று தெரிந்தவன்தான் முதலில் எழுந்து போக வேண்டும்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது: சடங்கை விட்டு மிச்சமாகும் கருமாதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி, மலச்சட்டி ஆகியவைகளை வாங்கி உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள், ஜாதி, மதம், கட்சி கேட்காமல் வேண்டியவருக்குக் கொடுத்து வாங்குங்கள். பத்துப் பேர் சேர்ந்து வாரத்தில் ஆளுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆண் நோயாளிக்கு ஆண்களே மலமூத்திரம் எடுங்கள். அந்த ராத்திரியாவது அந்த வீட்டுப் பெண் தூங்கட்டும். ரேஷன் வாங்கவும், ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கவும், காப்பீட்டு மனு எழுதவும் ஓர் ஆளை ஏற்படுத்துங்கள். மே 1-ந் தேதியும் ஆகஸ்டு 15-ந் தேதியும் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மார்பின் இருக்க வேண்டும், வீட்டுக்கு நர்சு தவறாமல் வர வேண்டும், வேலையை விட்டு நோயாளியைப் பார்க்கிறவருக்கு அன்றாடக் கூலி கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். இதைப் பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. வரி கொடுக்கிறவன் உரிமையாகக் கேளுங்கள்.

உங்கள் தெருவில் இன்றைக்கு யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன், இன்று ராத்திரி ஒரு தரம் போய் வாருங்கள்.