குழாய்க்குள் அடங்கும் சுழல்

குழாயில் ஓடும் திரவத்தில் மிக நீளமான பாலிமர் மூலக்கூறுகளைப் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கலந்தால் போதும், உராய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். பிரிட்டனைச் சேர்ந்த பி. ஏ. டாம்ஸ், 1948இல் நெதர்லாந்தில் நடந்த ரியாலஜி எனப்படும் பாய்வியலுக்கான முதல் பன்னாட்டு மாநாட்டில் இதை அறிவித்தார். மோனோகுளோரோபென்சீனில் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டைக் கரைத்து அவர் குழாயில் செலுத்தினார். அதே அழுத்தத்தில், வெறும் கரைப்பானைவிடக் கரைசல் அதிகமாகப் பாய்ந்தது. பாலிமர் கரைந்தால் திரவத்தின் பாகுநிலை கூடத்தான் செய்யும். பாகுநிலை கூடிய திரவம் விரைந்து ஓடியதே இதிலுள்ள வியப்பு.

ஓட்டம் சீராக இருக்கும்வரை இந்த விளைவு தலைகாட்டாது. வரிச்சீர் ஓட்டம் எனப்படும் இந்தச் சீரான ஓட்டத்தில் பாலிமர் கலந்தால் உராய்வு சற்று கூடவே செய்யும். ஓட்டம் கொந்தளித்த பிறகுதான் கதை மாறுகிறது. சீரான ஓட்டத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு அழுத்தம் போதும். வழவழப்பான குழாயில் கொந்தளிக்கும் ஓட்டத்தை இரட்டிப்பாக்கவோ மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். குழாய்ச் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பிறக்கும் சுழல்கள், வேகமான திரவத்தைச் சுவரை நோக்கித் தள்ளி, மெதுவானதை நடுவே வீசுகின்றன. பம்ப் கொடுக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இப்படித்தான் வெப்பமாகி வீணாகிறது.

அசையாத நீரில் பாலிமர் மூலக்கூறு நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருள் ஓட்டத்தின் மிகச் சிறிய சுழலையும்விட வெகு சிறியது. இவ்வளவு சிறியது அவ்வளவு பெரியதை எப்படித் தடுக்கும்? விடை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இழுபட்ட மூலக்கூறு மீண்டும் சுருள எடுக்கும் நேரத்தைவிட விரைவாக ஓட்டம் அதை இழுத்தால், அது சுருள முடியாமல் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் சுவரருகே இழுப்பு ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே உராய்வு குறையத் தொடங்குகிறது.

நீண்ட மூலக்கூறு சுழலை எப்படி அடக்குகிறது என்பதில் இரு விளக்கங்கள் உண்டு. நீட்டும் ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் எதிர்ப்பு பல மடங்கு உயர்ந்து சுழல்களை நசுக்குகிறது என்றார் ஆய்வாளர் ஜான் லம்லி. பாகுநிலையை விட்டுவிட்டு மீள்தன்மையைப் பிடித்தார் இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். நீண்ட மூலக்கூறுகள் சுழலின் ஆற்றலை வாங்கிச் சேமிப்பதால், பெரிய சுழல் சிறு சுழல்களாக உடையும் தொடர் இடையிலேயே அறுபடுகிறது என்பது அவர் வாதம். வழக்கு முற்றாகத் தீரவில்லை.

விளக்கங்களைவிட ஆழமானது ஓர் அளவீடு. பாலிமரை மேலும் மேலும் கூட்டினாலும் உராய்வு ஓர் எல்லைக்குக் கீழே போகாது. எந்தப் பாலிமர், எவ்வளவு என்பதைப் பெரிதும் பொருட்படுத்தாத இந்த எல்லையை 1970களில் ஆய்வாளர் பி. எஸ். விர்க் வரையறுத்தார். உச்சமாக 80 சதவீதம் வரை உராய்வு குறையும். ஆனாலும் ஓட்டம் முழுதாக வரிச்சீராகிவிடுவதில்லை.

நடைமுறையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1,287 கிலோமீட்டர் நீளமுள்ள டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க் குழாய் 1977இல் இயங்கத் தொடங்கியது. 1979இலிருந்து அதில் பாலிமர் செலுத்தப்பட்டது. கூடுதல் பம்ப் நிலையங்கள் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை அந்தச் சிறு கலவையே செய்தது. 1988இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கும் மேல் அந்தக் குழாயில் ஓடியது.

ஒரே குறை, நீளம்தான் பலம் என்பதால் நீளமே பலவீனமும் ஆகிறது. பம்பின் சுழலிதழ்களில் அகப்பட்டால் சங்கிலி அறுந்துவிடும், அறுந்த துண்டுகளால் பயனில்லை. ஆகவே பாலிமரைப் பம்புக்குப் பின்னால்தான் செலுத்துவார்கள், அடுத்த பம்பைத் தாண்டியதும் மீண்டும் செலுத்த வேண்டும். தீயணைப்புக் குழாயில் நீர் ஒருமுறைதான் பாய்கிறது, அங்கே இது தொல்லையாவதில்லை. கட்டடங்களைச் சூடாக்கும் சுழற்சிக் குழாய்களில் அதே நீர் திரும்பத் திரும்பப் பம்புக்குள் போகிறது. அங்கே பாலிமருக்குப் பதிலாகச் சோப்பு போன்ற சிலவகைப் பரப்புவினைப் பொருட்கள் சோதிக்கப்பட்டன. அவற்றின் மூலக்கூறுகள் தாமாகவே கூடிப் புழு வடிவ இழைகளாகின்றன. பம்பில் உடைந்தாலும் சிறிது நேரத்தில் மறுபடி கூடிக்கொள்கின்றன.