தூக்கத்துக்கு ஒரு முன்பணம்

ஏப்ரல், மே மாதங்களில் கொச்சியின் வைட்டிலாப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே ஒரு ஃபோன் அழைப்பு பெரிய பஞ்சாயத்தைக் கிளப்பிவிடும். பிளஸ் டூ எழுதி முடித்த பிள்ளைக்கு ஏதோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதல் கட்டத்திலேயே கம்ப்யூட்டர் சயன்ஸ் இடம் ஒதுக்கியாகிவிட்டதாம். இரண்டு நாளைக்குள் பணம் கட்டினால் உறுதி, தவறினால் இடம் அடுத்தவருக்கு. கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமின் தரவரிசை அப்போது வந்திருக்காது. ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா ஒதுக்கீடு ஜூன் மாதம்தான் தொடங்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலையில். இப்போதே கட்டிவிடுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் நாகர்கோவில்காரர் ஒருவருக்குப் போன கோடையில் இந்தச் சிக்கல். காக்கநாட்டில் ஐடி வேலை, வைட்டிலா ஹப்பிலிருந்து வாட்டர் மெட்ரோவில் போய் வருவார். "அண்ணாச்சி, கட்டிரட்டா? நாம விட்டா வேற எவனாவது கொண்டு போயிருவாம்லா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உண்மையைச் சொன்னார்: "வீட்டுல அவ, எங்கயாவது ஒண்ணு உறுதியாகட்டும், எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்ங்கா."

முதல் கட்ட சேர்க்கையில் விற்கப்படுவது பெரும்பாலும் அந்தத் தூக்கம்தான். அதை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் இடத்துக்குத் தருகிறோமா, தூக்கத்துக்குத் தருகிறோமா என்று தெரிந்து தரவேண்டும். தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: ஜூலையில் இதைவிட நல்ல ரேங்க் வந்தாலும் இதே கல்லூரியில் இதே பாடத்தைத்தான் எடுப்போமா? "ஆமாம்" என்றால் தயங்காமல் கட்டலாம். "வேறு வழி இல்லாவிட்டால் எடுப்போம்" என்றால் அது காப்பீட்டுக்கான பிரீமியம். பிரீமியத்துக்கு எவ்வளவு தரலாம், அதில் எவ்வளவு திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் இப்படி முந்திச் சேர்வதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். 'எர்லி டிசிஷன்' என்ற முந்தைய சுற்றில் நவம்பரில் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் டிசம்பரில் முடிவு தெரிந்துவிடும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும். வழக்கமான சுற்றில் ஜனவரி வாக்கில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, வசந்தத்தில் வரும் பதில்களை ஒப்பிட்டு, மே 1க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கிறிஸ்டோபர் ஏவரி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட நூலில், முந்தி விண்ணப்பிப்பதால் கிடைக்கும் அனுகூலம் எஸ்ஏடி தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

அந்த அனுகூலம் யாருக்கு? உதவித்தொகை போதாவிட்டால் விலகிக்கொள்ள அங்கே விதி உண்டு. ஆனால் நான்கு கல்லூரிகள் தரும் உதவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி போய்விடும். எது மலிவு என்று பார்த்துத்தான் சேரவேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பம் முந்த முடியாது. இதைச் சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் முந்தைய சுற்றையே நிறுத்துவதாக அறிவித்தன. மற்ற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011இல் இரண்டும் முந்தைய சுற்றை மீண்டும் கொண்டுவந்தன, ஆனால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல்.

நம் ஊருக்கு வருவோம். வைட்டிலாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடற்படைத் தளத்தை ஒட்டி வாத்துருத்தி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடம். அங்கே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு இரண்டு நாளில் முன்பணம் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பிள்ளைக்குப் பொதுக் கலந்தாய்வு என்ற வழக்கமான சுற்று ஒன்றுதான் வாசல். அந்த வாசலிலும் காகிதங்கள் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால்தான். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால், மாநிலம் மாறிக் குடியேறியதால் இட ஒதுக்கீட்டுச் சலுகை புது மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதுவும் ஒரு மருத்துவக் கல்லூரி சேர்க்கை வழக்குதான். ஆக, இரண்டு மாநிலத்துக்கும் வேண்டிய இருப்பிட, சாதிச் சான்றுகளைத் தேர்வு முடியுமுன்பே வாங்கி வைப்பது, எந்தச் சுற்று என்று யோசிப்பதைவிட அவசரமான வேலை.

பொறுத்திருப்பவருக்கும் நிம்மதி இல்லை என்பதைக் கொச்சி 2025இல் கண்ணால் கண்டது. ஜூலை 1ஆம் தேதி கீம் தரவரிசை வெளியானது. அதற்குச் சற்று முன்புதான் மதிப்பெண்களைக் கணக்கிடும் முறையை அரசு மாற்றியிருந்தது. இங்கே இருக்கும் உயர் நீதிமன்றம் ஜூலை 9இல் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. மறுநாள் மேல்முறையீடும் நிற்கவில்லை, பழைய முறைப்படி புதுப் பட்டியல் வந்தது. முதல் பட்டியலில் முன்னே இருந்த மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் பலர் இரவோடு இரவாகப் பின்னுக்குப் போனார்கள். இதைப் பார்த்த பெற்றோர் அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே பணத்தைக் கட்டத் துடித்தால் யாரைக் குறை சொல்வது?

ஒருவர் முந்தினால் எல்லோரும் முந்தவேண்டி வரும். பொருளியலாளர் ஆல்வின் ராத் இதை ஆராய்ந்தவர். அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல பயிற்சி மருத்துவர்களைப் பிடிக்க ஒன்றையொன்று முந்தப்போய், 1940களில் படிப்பு முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருக்கும்போதே வேலையை உறுதிசெய்துவிட்டன. மாணவர் யார், என்ன திறமை என்று தெரியுமுன்பே பேரம் முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லோருடைய விருப்பப் பட்டியலையும் ஒரே இடத்தில் வாங்கி, ஒரே நாளில் பொருத்திக் கொடுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் முழுதாக அடங்கியது. இதுபோன்ற பொருத்தும் முறைகளுக்காக ராத்தும் லாயிட் ஷாப்ளியும் 2012இல் நோபல் பெற்றார்கள்.

நம் பொதுக் கலந்தாய்வுகளில் இந்த நல்ல அம்சம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 'அக்செப்ட் அண்ட் அப்வர்டு' என்று கொடுத்தால், கிடைத்ததைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். ஜோசாவில் 'ஃப்ளோட்' அதே வேலையைச் செய்கிறது. கேரளத்தில் இணையத்தில் உறுதிசெய்தால் 'ஹையர் ஆப்ஷன்' அடுத்த கட்டத்திலும் உயிரோடு இருக்கும். மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளது போய்விடும், வேண்டாத விருப்பங்களை முன்கூட்டியே நீக்கிவிடவேண்டும். எங்கும் சூட்சுமம் ஒன்றுதான்: ரேங்குக்குக் கிடைக்குமா என்று பயந்து அடுக்காமல், உண்மையான ஆசைப்படி வரிசைப்படுத்தவேண்டும்.

முன்பணம் கட்டியவருக்கும் வழி அடைபடவில்லை. 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த விதிப்படி, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தரவேண்டியிருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசியின் 2018 அறிவிக்கையே சொல்கிறது. நாகர்கோவில்காரரிடம் நான் சொன்னதும் இதுதான்: அந்தந்த ஆண்டு விதியைப் படியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அசலைக் கொடுக்காதீர்கள், நகையை அடகு வைத்துக் கட்டாதீர்கள். திரும்பி வரும் பணத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் விதி திருப்பித் தரச் சொல்கிறதே தவிர, முன்பணம் கேட்காதே என்று சொல்லவில்லை. பொதுக் கலந்தாய்வின் முதல் சுற்று முடியும் நாள்வரை எந்தக் கல்லூரியும் மாணவரிடம் முன்பணம் கேட்கக் கூடாது என்று ஒரே ஒரு பொதுத் தேதியை வைத்தால் போதும். வைட்டிலா வீட்டுக்கும் வாத்துருத்தி வீட்டுக்கும் அன்றுதான் ஒரே நேரத்தில் கதவு திறக்கும்.