அப்பாவின் டிவிக்கு ஒரு பட்டன்

காலை நிகழ்ச்சி இருக்கும் வாரங்களில் நான் விடியற்காலை 4.30க்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டும். நான் செருப்பைத் தேடும் நேரத்தில் அப்பா ஹாலில் லைட்டைக்கூடப் போடாமல் உட்கார்ந்து, கைப்பேசியை மூக்கு நுனிவரை கொண்டுபோய் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். எதை என்று எனக்குத் தெரியும். அக்காவின் கல்யாண வீடியோ. 1998ஆம் ஆண்டு.

அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது. வேலை விஷயமாக நான் எத்தனையோ பேரின் குரலைப் பதிவு செய்திருக்கிறேன். அமைச்சர், நடிகர், சமையல்காரர், ஒரு முறை பாம்பு பிடிப்பவர்கூட. அம்மாவின் குரலை மட்டும் ஒரு நாளும் பதிவு செய்யவில்லை. அந்தக் கல்யாண நாடாவில், ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில், கேமராக்காரரைப் பார்த்து, "என்னைய ஏன்யா எடுக்குற, போய் மாப்பிள்ளைய எடு" என்று அம்மா விரட்டுவார். மொத்தம் இருபது விநாடி. எங்கள் வீட்டில் இருக்கும் அவர் குரல் அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. கண்ணையும் அது தொட்டுவிட்டது. எதிரில் 50 அங்குல டிவி சும்மாக் கிடக்க, உள்ளங்கை அளவு திரையில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த இருபது விநாடியை மட்டும் வெட்டித் தரவாப்பா?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் அது ஒரு நிமிட வேலை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவள மட்டும் வெட்டி எடுத்தா, கல்யாணத்துக்கே வராதவ மாதிரி இருக்கும்மா." முழு வீடியோவும் வேண்டும், டிவியில் வேண்டும், நான் வீட்டில் இல்லாதபோது அவரே போட்டுக்கொள்ளத் தெரிய வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

டிவியின் பின்னால் ஏற்கெனவே ஒரு குரோம்காஸ்ட் செருகியிருந்தது. யூடியூப்பில் அந்தச் சின்னப் பட்டனைத் தட்டினால் பாட்டு டிவிக்குப் போய்விடும், உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள். ஆனால் கைப்பேசிக்குள் இருக்கும் சொந்த வீடியோவை அனுப்ப வேறு செயலி வேண்டும். இலவசச் செயலி ஒன்றை இறக்கிப் போட்டேன். பாட்டி பந்தியில் உட்கார்ந்து சிரிக்கப்போகும் நேரம் பார்த்து ஒரு விளையாட்டு விளம்பரம் பாய்ந்து வந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் மாதா மாதம் பணம் கட்டு என்றது. அம்மாவைப் பார்க்க மாதச் சந்தா கட்டுவதா என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

விஎல்சி இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, இலவசம், விளம்பரமும் கிடையாது. 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து குரோம்காஸ்ட்டுக்கும் அனுப்புகிறது. அப்பாவிடம் அதைத்தான் முதலில் கொடுத்தேன். மூன்று நாளில் கோப்பு வரிசை, பாடல் வரிசை, ஈக்வலைசர் என்று எங்கெங்கோ போய் மாட்டிக்கொண்டு, "இது விமானம் ஓட்டுறவனுக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தேவை நான்கு பெரிய படம், அடியில் தமிழில் பெயர், தட்டினால் டிவி.

அக்கா மகன் கணினி படிக்கிறான். "சித்தி, நாமளே செஞ்சிடலாம். முக்கால்வாசி ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க" என்றான். நான் படித்தது ஊடகத்துறை, கணினியில் எனக்குத் தெரிந்தது ஒலி வெட்டுவது. இருந்தாலும் சம்மதித்தேன். மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

அவன் சொன்னது உண்மைதான். குரோம்காஸ்ட்டுக்கு வீடியோ அனுப்பும் மாதிரிச் செயலி ஒன்றை கூகலே கிட்ஹப்பில் போட்டு வைத்திருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். பட்டன், டிவியைத் தேடும் பெட்டி, நிறுத்து, தொடர், எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. முதல் ஞாயிறு மதியமே மாதிரி வீடியோ எங்கள் டிவியில் ஓடியது. சரி, முடிந்தது என்று மாமாக் கடைக்குப் போய்த் தே தாரேகூடக் குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம்தான் சங்கதி புரிந்தது. கைப்பேசி படத்தை டிவிக்கு அனுப்புகிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த முறையில் அது அனுப்புவது வெறும் முகவரி. இன்ன கடையில் இன்ன சாப்பாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். டிவியில் செருகியிருக்கும் குரோம்காஸ்ட் தானே கடைக்குப் போய்த் தாப்பாவ் செய்துகொண்டு வரும். யூடியூப் என்றால் கடை இணையத்தில் இருக்கிறது. எங்கள் கல்யாண வீடியோ இருப்பதோ அப்பாவின் கைப்பேசிக்குள். அப்படியானால் கைப்பேசியே கடையாக மாற வேண்டும்.

அதற்கும் ஆள் எழுதி வைத்திருந்தார்கள். நானோ எச்டிடிபிடி என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் அடங்கக்கூடிய குட்டி இணைய வழங்கி. அதைச் சேர்த்ததும் கைப்பேசிக்கு வீட்டு வைஃபைக்குள் 192.168 என்று தொடங்கும் ஒரு கதவு எண் கிடைத்தது. டிவி வந்து அந்தக் கதவைத் தட்டியது. படம் வரவில்லை.

காரணம் வீடியோவே. விஎச்எஸ் நாடாவைப் பல வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய வகை. அப்பாவின் கைப்பேசியில் போட்டிருந்த செயலிக்கு அது புரிந்தது, குரோம்காஸ்ட்டுக்குப் புரியவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூல மென்பொருளை மடிக்கணினியில் ஓட்டி, எச்.264 வகைக்கு மாற்றினோம். ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கி வைத்தது அது. அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

படம் ஓடியது. ஐந்து நிமிடம் கழித்து அப்பாவின் கைப்பேசி இருண்டது, கொஞ்ச நேரத்தில் டிவியும் நின்றது. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு எங்கள் கடையை இழுத்து மூடிவிட்டதாம். இந்தச் செயலி திரை அணைந்த பிறகும் வேலை பார்க்கிறது என்று முறையாக அறிவித்து, மேலே ஓர் அறிவிப்பும் காட்டினால்தான் விட்டு வைக்கும். அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிறு போனது. வைஃபை பெட்டியில் விருந்தினருக்கென்று வைத்திருந்த தனி இணைப்பில் அப்பா மாட்டிக்கொண்டு, டிவியும் கைப்பேசியும் ஒன்றையொன்று பார்க்காமல் போனதில் இன்னொரு ஞாயிறு. அது தனிக் கூத்து.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. வீடியோவை ஓட்டித் தள்ள முடியவில்லை. எங்கே இழுத்து விட்டாலும் மறுபடியும் பிள்ளையார் படம், நாதஸ்வரம். அம்மா வருவது ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில். அவ்வளவு நேரம் அப்பா காத்திருக்க வேண்டுமா? அக்கா மகன் காரணத்தைக் கண்டுபிடித்தான். நாம் இழுத்து விடும்போது டிவி, 'இந்த இடத்திலிருந்து கொடு' என்று கேட்கிறது. எங்கள் வழங்கியின் அடிப்படைப் பகுதிக்கு அந்தப் பேச்சு தெரியாது. கேட்கும்போதெல்லாம் முழுக் கோப்பையும் முதலிலிருந்து நீட்டியது.

அந்த வாரம் அவனுக்குத் தேர்வு. நானே இணையத்தில் துழாவி, வேறொரு செயலியின் நிரலில் அந்த வேலையைச் செய்யும் பகுதியைக் கண்டுபிடித்தேன். சுமார் அறுபது வரி. அப்படியே எடுத்து ஒட்டினேன். பெயர்களை மாற்றினேன். வேலை செய்தது! இரவு 11 மணி. அப்பா விரலை இழுத்தார். டிவி ஒரு விநாடி யோசித்தது. அம்மா வந்தார். "போய் மாப்பிள்ளைய எடு."

அப்பா எதுவும் பேசவில்லை. மறுபடி இழுத்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இதைப் பிளே ஸ்டோரில் போட்டால் என்ன? பதிவுக் கட்டணம் ஒரு முறை 25 அமெரிக்க டாலர், அவ்வளவுதானே. நம் தாமானில் எத்தனை அப்பாக்கள் இருக்கிறார்கள். முகப்பில் 'உருவாக்கம்' என்று போட்டு என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தேன். தேர்வு முடிந்து வந்த அக்கா மகன் நிரலை மேலிருந்து கீழே படித்துவிட்டுக் கேட்டான்:

"இந்த அறுபது வரி எங்கிருந்து சித்தி?"

சொன்னேன்.

"லைசன்ஸ் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திறந்த மூலம் என்றால் திறந்த வீடு என்று நினைத்துக்கொண்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். கூகலின் மாதிரிச் செயலி அப்பாச்சி உரிமத்தில் வருகிறது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் உரிமத்தின் நகலையும் காப்புரிமைக் குறிப்பையும் கூடவே வைக்க வேண்டும், மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். நானோ எச்டிடிபிடி பிஎஸ்டி வகை உரிமம். அதிலும் எழுதியவரின் குறிப்பை நீக்கக்கூடாது. நான் ஒட்டிய அறுபது வரி ஜிபிஎல். அதை வைத்துச் செய்த செயலியை ஊருக்குக் கொடுத்தால், அதன் முழு நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். "சரி, கொடுத்துட்டுப் போறோம்" என்றேன். அதுவும் முடியாதாம். டிவியோடு பேசுகிற கூகலின் நூலகம் இருக்கிறதே, அது மூடியது, நிரல் வெளியே வராது. ஜிபிஎல் நிரலை அதோடு சேர்த்து வெளியிட்டால் உரிமச் சிக்கல் வரும். எல்லாமே திறந்த மூலம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் பாதிப் பொய்.

எனக்குக் கோபம் வந்தது. அறுபது வரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அவன் எதிர்த்துப் பேசவில்லை. "போன வருஷம் உங்க பேட்டி விஷயத்துல என்ன பண்ணீங்க சித்தி?" என்று மட்டும் கேட்டான்.

போன வருடம் நான் எடுத்த ஒரு பேட்டியை யாரோ எடுத்து, முதலில் என் பெயர் வரும் எட்டு விநாடியை மட்டும் வெட்டிவிட்டுத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் புலம்பினேன். அம்மாவின் குரலைக் கொண்டுவந்த அறுபது வரியை நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன். பெயர்களைக்கூட மாற்றியிருந்தேன், பாருங்கள்.

விஎல்சியின் கதையை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1996இல் பாரிசுக்கு அருகே எக்கோல் சென்ட்ரால் கல்லூரி விடுதியில் மாணவர்களுக்கு வேகமான கணினி வலையமைப்பு வேண்டியிருந்தது, விளையாட. வெறும் விளையாட்டுக்கென்றால் யார் பணம் கொடுப்பார்கள்? செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வலையமைப்பு வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும் திட்டமாக ஆக்கினார்கள். ஒரு வீட்டுக்குள் வீடியோவை அனுப்ப நாங்கள் பட்ட பாட்டை அவர்கள் விடுதிக்குள் பட்டிருக்கிறார்கள். அந்த ஆரஞ்சு நிறச் சாலைக்கூம்புச் சின்னம்கூட, மாணவர்கள் கூம்புகளைச் சேர்த்து வைத்த குறும்பிலிருந்து வந்ததுதான். 2001 பிப்ரவரியில் கல்லூரி அனுமதி கொடுத்த பிறகு நிரல் ஜிபிஎல்லில் வெளிவந்தது. பின்னாளில் அதன் உட்பகுதியை, மற்ற செயலிகளும் எளிதாகப் பயன்படுத்தும்படி, கொஞ்சம் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற நினைத்தார்கள். எத்தனையோ பேர் எழுதிய நிரல். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். 2012இல்தான் அந்த வேலை முடிந்தது. அதைப் படித்தபோது, ஒருவரிடமும் கேட்காமல் நான் ஒட்டிய அறுபது வரி ரொம்பவே உறுத்தியது.

அழித்தேன். மறுபடியும் முதலிலிருந்து பிள்ளையார் படம். அப்பா முகம் வாடிவிட்டது. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கெடுத்தே?" இரண்டு வாரம் அந்தக் கேள்வியோடு சாப்பிட்டோம். பிறகு, நானோ எச்டிடிபிடி திட்டத்திலேயே, கோப்புகளை வழங்கும் மாதிரி வழங்கி ஒன்று தனியாக இருப்பதை அவன் காட்டினான். பாதியிலிருந்து கொடுக்கும் வித்தை அதில் இருந்தது, பிஎஸ்டி உரிமத்திலேயே. முதலிலிருந்தே பக்கத்தில்தான் கிடந்திருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டு நாங்களே எழுதினோம், எங்கிருந்து கற்றோம் என்ற குறிப்போடு. என் ஒட்டு வேலையைவிட இது வேகமாக ஓடியது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

பிளே ஸ்டோர் ஆசையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது அந்தச் செயலி மூன்று கைப்பேசிகளில் இருக்கிறது. அப்பா, அக்கா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அப்பா படத்தைத் தட்டினால் அணைந்திருக்கும் டிவிகூடத் தானே எழுந்துகொள்கிறது. விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. நான் கிளம்பும்போது ஹாலில் நாதஸ்வரம் கேட்கிறது.

'உருவாக்கம்' பக்கத்தை மாற்றி எழுதி, போன வாரம் அப்பாவிடம் காட்டினேன். மாதிரிச் செயலி, வழங்கி, எஃப்எஃப்எம்பெக் என்று வரிசையாகப் பெயர்கள், உரிமங்கள். அக்கா மகன் பெயர். கடைசியில் என் பெயர், சிறியதாக. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே நகர்த்தினார்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேரு போட்ட மாதிரி இருக்கு?"

"அப்படித்தான்பா."

"யாரையும் விட்டுடலயே? அப்புறம் சண்டைக்கு வரப்போறாங்க."

சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சரிபார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருந்தது. படங்களுக்கு அடியில் 'அக்கா கல்யாணம்' என்று அழகாகத் தெரிகிறதே, அந்த எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ். அதுவும் திறந்த உரிமம்தான், அதன் உரிமக் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும். மடிக்கணினியைத் திறந்தேன்.