பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன்!



"பிளஸ் டூ முடித்த பையன், கேம் விளையாடுகிற மாதிரி கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைக்காரர் சொல்வது ஒன்றும் புரியவில்லை. என்ன செய்யட்டும்?" என்று மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். வடாம், வத்தல், குழந்தையின் சளி இருமல் என்று எழுதிக் கொண்டிருக்கிற என்னிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் 2023-ல் நானும் இதே தலைசுற்றலில் விழுந்து எழுந்தவள்தானே! அந்தக் கதையையே சொல்லி விடுகிறேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் என் சீட்டு முடிந்து, கைக்கு 75,000 ரூபாய் வந்தது. தேய்ந்து போன வளையல்களை அழித்துப் புதிதாகச் செய்து கொள்ளலாம் என்று ஆசையாகக் கட்டிய சீட்டு. அதே சமயம் பார்த்து என் பையன் கம்ப்யூட்டர் கேட்டான். "விளையாட்டுக்கு முக்கால் லட்சமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார் என் கணவர். அன்றிலிருந்து பிள்ளை வாயைத் திறக்கவில்லை. வருவான், சாப்பிடுவான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்வான். இருபது நாள்! வளையல் இல்லாமல் கூட இருந்து விடலாம், அந்தச் சாத்திய கதவை என்னால் பார்த்துக் கொண்டிருக்க முடியவில்லை.

ஒருநாள் கதவைத் தட்டினேன். "சரிடா, வாங்கித் தருகிறேன். ஆனால் ஒவ்வொரு சாமானும் எதற்கு என்று எனக்குப் புரிந்தால்தான் பணம் வெளியே வரும்."

"உனக்குப் புரியாதும்மா."

"உன்னைப் பெற்று வளர்த்தவளுக்கு இது புரியாதா? சொல்லு, பார்க்கலாம்."

நான் பீன்ஸ் நறுக்க, அவன் பாடம் நடத்தினான். நான் புரிந்து கொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

ப்ராசஸர் என்பது சமையல் செய்கிறவள். மதர்போர்டு என்பது சமையலறை. எல்லாம் அதில்தான் வந்து பொருந்த வேண்டும். ராம் என்பது சமையல் மேடை. மேடை சின்னதாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரியானாலும் திணறத்தான் செய்வாள். எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அடுக்கும் அலமாரி. கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் ஓடுகிற படத்தை வரைந்து தள்ளுகிற ஆசாமி. கேம் விளையாட வேண்டுமென்றால் இவர்தான் முக்கியம், விலையும் இவருக்குத்தான் அதிகம். கடைசியாக எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரத்தை வாங்கி, ஒவ்வொரு சாமானுக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. ஓரமாக உட்கார்ந்திருக்கும், யார் கண்ணிலும் படாது.

மறுநாள் இருவரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அந்தச் சந்து முழுக்கக் கம்ப்யூட்டர் சாமான்தான். நாலு கடையில் கொட்டேஷன் வாங்கினோம். முதல் கடையில் கொடுத்த சீட்டைப் பார்த்து எனக்கே சந்தேகம். ப்ராசஸர் மட்டும் 'ஐ-7' என்று பெரிய பேர்; கிராபிக்ஸ் கார்டோ 4 ஜி.பி. மெமரியோடு இருப்பதிலேயே சின்னது. எஸ்.எம்.பி.எஸ். என்கிற இடத்தில் பேரே இல்லை, 900 ரூபாய் என்று மட்டும் போட்டிருந்தது. பத்துப் பேருக்குச் சமைக்கிற ஆளை வைத்துக் கொண்டு பரிமாற ஒரே ஒரு கரண்டி கொடுத்த மாதிரி! 'ஐ-7' என்ற பேரைக் கேட்டதும் அம்மாக்கள் மயங்கி விடுவார்கள் என்ற நினைப்புப் போலும்.

வீட்டுக்கு வந்து நாங்களே கணக்குப் போட்டோம். முதலில் திரையை முடிவு செய்தோம். 24 அங்குல மானிட்டர். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். அந்தத் திரைக்கு எந்தக் கார்டு போதுமோ அதுதான் நம் கார்டு. அதற்கு மேல் வாங்குவது, நாலு பேர் குடும்பத்துக்குக் கல்யாண அண்டா வாங்குவது போல. அந்தக் கார்டுக்கு ஈடு கொடுக்கிற ப்ராசஸர், அந்த ப்ராசஸர் உட்காருகிற மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தோம். இங்கே ஜாடிக்கேற்ற மூடியாகப் பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்த ப்ராசஸருக்கு 'ஏ.எம். 4' என்ற சாக்கெட் உள்ள போர்டுதான் சேரும், புதிய 'ஏ.எம். 5' போர்டில் உட்காராது. ராமும் அப்படியே. டி.டி.ஆர். 4 போர்டில் டி.டி.ஆர். 5 நுழையவே நுழையாது.

எல்லாம் சுமுகமாகப் போய்க் கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது. "அம்மா, எஸ்.எம்.பி.எஸ்.ஸை 900 ரூபாயில் முடித்து விட்டு, மிச்சத்தைப் போட்டு இன்னும் பெரிய கார்டு வாங்கலாம்" என்றான் பிள்ளை.

எனக்கு எதிர்வீட்டு அக்காவின் ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி ஏழாவது மாதம், ஒரு மத்தியானம் 'டப்'பென்று சத்தம், கருகின வாசனை. பேரில்லாத எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக் கொண்டு போய் விட்டது. பேரனின் பெயர் சூட்டு விழாப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. கடைக்காரர் கையை விரித்து விட்டார். சாமானோ கரண்டோ, போனால் வாங்கிக் கொள்ளலாம். அந்தப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

"ஆனை வாங்கப் பணம் இருக்கு, அங்குசம் வாங்க இல்லையா? எதிர்வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு வா" என்றேன். முணுமுணுத்துக் கொண்டே போனான். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, காகிதத்தில் தானே திருத்தினான். கார்டு 132 வாட், ப்ராசஸர் 65 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 60 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 260-க்குள். அதற்கு 550 வாட் பெட்டி. திணறாமல், சூடாகாமல் ஓடும்.

நாங்கள் அன்று கொடுத்த விலை இதோ:

ப்ராசஸர் (ஏ.எம்.டி. ரைசன் 5 5600) – ரூ. 12,500
மதர்போர்டு (பி 550) – ரூ. 9,000
ராம் (8 ஜி.பி. இரண்டு, மொத்தம் 16) – ரூ. 3,400
கிராபிக்ஸ் கார்டு (ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, 8 ஜி.பி.) – ரூ. 21,000
எஸ்.எஸ்.டி. (1 டி.பி.) – ரூ. 4,000
எஸ்.எம்.பி.எஸ். (550 வாட், 5 வருஷ வாரண்டி) – ரூ. 4,600
கேபினெட் – ரூ. 3,500
மானிட்டர் – ரூ. 11,000
கீபோர்டு, மவுஸ் – ரூ. 1,500
ஆக மொத்தம் – ரூ. 70,500

இந்த விலைகளை அப்படியே எடுத்துக் கொண்டு கடைக்குப் போய் விடாதீர்கள்! 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மாடல்களும் மாறிக் கொண்டே இருக்கும். மாறாதது பங்கீடு. மானிட்டர், கீபோர்டு நீங்கலாக உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கார்டுக்கு, அதில் பாதியை ஒட்டி ப்ராசஸருக்கு, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்கவே கூடாது.

மீதி 4,500 ரூபாய்க்கு உள்ளே கலர் விளக்கு எரிகிற கேபினெட் கேட்டான். நான் முதுகுக்குச் சாய்மானம் உள்ள நல்ல நாற்காலி வாங்கினேன். விளக்குக்கு முதுகுவலி வராது, பிள்ளைக்கு வருமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து, இருவருமாகப் பூட்டினோம். ராமை ஒன்று விட்டு ஒன்று, இரண்டாவது நான்காவது இடத்தில் மாட்ட வேண்டுமாம். எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையோ கும்மிருட்டு! பையன் முகம் வாடி விட்டது. வாசலில் பேப்பர் படித்துக் கொண்டிருந்தவர், "70,000 ரூபாய்க்கு ஒரு டேபிள் ஃபேனா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இருவருமாக முதலிலிருந்து ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்தோம். "ஏன்டா, படம் வரைகிற ஆசாமி கீழே இருக்கிறார், மானிட்டர் ஒயரை மேலே செருகியிருக்கிறாயே?" என்றேன். அதேதான்! மதர்போர்டில் இருக்கிற ஓட்டையில் மாட்டியிருந்தான். எங்கள் ப்ராசஸருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. ஒயர் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினோம். பளிச்சென்று வெளிச்சம்! இருபது நாள் பேசாத பிள்ளை, "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கத்திச் சிரித்தான். அவர் கூடப் பேப்பரை மடித்து வைத்து விட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

கடைக்குப் போகுமுன் இவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள்:

1. குறைந்தது மூன்று கடையில், சாமான் வாரியாக, கம்பெனியும் மாடல் நம்பரும் போட்டுக் கொட்டேஷன் கேளுங்கள். பேரில்லாத வரியை ஒத்துக் கொள்ளாதீர்கள்.

2. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். டப்பாக்களை வாரண்டி முடியும் வரை பரண் மேல் வையுங்கள்.

3. பெட்டியின் மேல் உள்ள '80 பிளஸ்' முத்திரை, மின்சாரம் வீணாவது குறைவு என்பதற்குத்தான். அதோடு வாரண்டி எத்தனை வருஷம் என்றும் பாருங்கள்.

4. 144, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் பல சமயம் 60-லேயே ஓடும். விண்டோஸ் செட்டிங்கில் மாற்ற வேண்டும். ராமின் முழு வேகத்தையும் பயாஸில் போய் ஒருமுறை போட்டு விட வேண்டும். பிள்ளையை விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

5. திரை ஒரு கை நீளத் தூரத்தில், மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கப் பழக்குங்கள்.

6. குடும்பப் படங்களுக்கு வேறோர் இடத்தில் கட்டாயம் ஒரு பிரதி இருக்கட்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. காலேஜ் பாடமும் அதில்தான், கேமும் அதில்தான். இரவு பத்து மணிக்கு நிறுத்தி விட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சில நாள் பத்தே கால் ஆகும். நானும் கண்டும் காணாமல் இருந்து விடுவேன்.

வளையலா? அடுத்த சீட்டுப் போட்டிருக்கிறேன். அறைக் கதவு திறந்தேதான் இருக்கிறது.