பழைய கிட்டங்கியை இடிக்குமுன் கணக்குப் பாருங்கள்



வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை ஓடிச் சேர்ந்தது. இத்தகைய கரையோர ஊர்களில் சரக்கு வைக்கக் கட்டிய கல் கிட்டங்கி ஒன்று வாரிசுரிமையில் கைக்கு வந்தால், "இடித்துவிட்டு கொங்கிறீட் வீடு கட்டுவோம்" என்பதே பலரின் முதல் பேச்சு. அது நட்டக் கணக்கு என்பேன். அதையே குடியிருக்கும் வீடாக்கலாம்.

பழைய சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே கம்பி இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியோ உப்புக் காற்றில் துருவேறி வீங்கிச் சீமெந்தை வெடிக்க வைக்கும். கரையோரக் கடைக்காரர் எல்லோரும் இதைக் கண்டவர்களே. சுவர் முருகைக்கல் என்றால் இன்னும் கவனம். கடலோரத்தில் அதை வெட்டியெடுப்பது இன்று சட்டப்படி குற்றம். இடித்தால் மாற்றுக் கல் கிடையாது.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுப் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்பே பூச வேண்டும். கிட்டங்கிக்கு யன்னல் குறைவு. புதிதாக வெட்டுவதானால் முட்டுக் கொடுத்து, உத்தரம் வைத்த பிறகே கல்லை எடுக்கலாம். கூரையில் சில கண்ணாடி ஓடுகள் போட்டால் சுவரைத் தொடாமலே வெளிச்சம் வரும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் கிடைப்பது கடினம், வேலை மெதுவாகும், முதல் முடங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிற்கும் சுவரும் முதல்தானே? கொழும்பில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையை இடிக்காமல் திருத்தி 2011 இல் கடைத்தொகுதியாக்கினார்கள். அதன் பழமையே வாடிக்கையாளரை இழுக்கிறது.

இது நமக்கும் உரிய பாடம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து நம் மக்களில் பலர், 2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பியபோது கண்டது கூரையற்ற சுவர்களைத்தான். காணிக்கு உறுதி சாட்சி. அங்கே தலைமுறையாக வாழ்ந்தோம் என்பதற்கு அந்தச் சுவர்களே சாட்சி. அவற்றை அவசரத்தில் இடிப்பது வீண்விரயம் மட்டுமல்ல, நம் சாட்சியை நாமே அழிப்பதாகும்.

எனவே ஒரு பொறியியலாளரைக் கொண்டு சுவரின் பலத்தைப் பாருங்கள். மிகப் பழைய கட்டடமானால் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். திருத்தும் செலவு, புதிதாகக் கட்டும் செலவு இரண்டையும் எழுதி வைத்துக் குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.